டம்ளரும் தராசும்

முதன்முதலாக வெளி ஆர்டர் எடுத்த தீபாவளி அது. 5 கிலோ மைசூர்பாகு. அம்மாவின் நோட்டில் கணக்கு இருந்தது: கடலை மாவு 1 டம்ளர், சர்க்கரை 2, நெய் 2. அவள் டம்ளரில் 200 மில்லி தண்ணீர் பிடிக்கும். அதன் எடை 200 கிராம். எந்தச் சாமானானாலும் ஒரு டம்ளர் 200 கிராம்தான் என்று எடுத்துக்கொண்டேன். மாவு 1 கிலோ, சர்க்கரை 2 கிலோ, நெய் 2 கிலோ நிறுத்து அடுப்பேற்றினேன்.

பாகு ஒற்றைக் கம்பிப் பதத்தில் சரியாகவே வந்தது. மாவைத் தூவத் தூவக் கரண்டி நகரவில்லை. ஊற்றிய நெய்யையெல்லாம் மாவு குடித்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை விளிம்பில் ஒரு சொட்டுக்கூடக் கக்கவில்லை. வில்லை போட்டால் கத்தி இறங்கவில்லை. வாயில் பச்சை மாவு வாடை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த இரவு நான் தூங்கவில்லை.

பண்டிகை முடிந்ததும் தராசோடு ஊருக்குப் போனேன். வெறும் டம்ளரை அதன்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, "எப்பவும் போல அளம்மா" என்றேன். அம்மா மாவைச் சலித்தாள். கரண்டியால் மெல்லச் சரித்து நிரப்பித் தலை தட்டினாள். 80 கிராம். சர்க்கரை 170. உருக்கிய நெய் 180. அதே மாவை நான் டப்பாவுக்குள் டம்ளரை விட்டு அமுக்கி அள்ளினேன். 105!

"மாவுன்னா சலிச்சுட்டுத்தானேடி அளப்பாங்க?" என்றாள் அம்மா. நோட்டில் அது இல்லை. அவள் கையில் இருந்தது.

80 கிராம் மாவுக்கு 340 சர்க்கரை, 360 நெய். அப்படியானால் 1 கிலோ மாவுக்குச் சர்க்கரை நாலே கால் கிலோ, நெய் நாலரைக் கிலோ. நான் அதில் பாதிகூடப் போடவில்லை.

ஒரே டம்ளரால், எப்போதும் ஒரே விதமாக எல்லாவற்றையும் அளக்கும்வரை விகிதம் தப்பாது. ஆழாக்கும் படியும் ஊருக்கு ஊர் மாறியபோதும் பலகாரம் தப்பாமல் வந்தது அதனால்தான். கிராமுக்கு மாற்றும்போது ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே நிறுத்தே ஆகவேண்டும். அச்சிட்ட அட்டவணைகள் பல 240 மில்லி கப்புக்கானவை. நம் வீட்டு டம்ளருக்குப் பொருந்தாது. உங்கள் டம்ளரில், உங்கள் வீட்டில் அளக்கிற கையால், மூன்று முறை அளந்து நிறுத்துப் பாருங்கள்.

அம்மாவின் நோட்டில் இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கிராம் எழுதியிருக்கிறேன். கடலை மாவுக்கு எதிரே கூடுதலாக இரண்டு சொல்: சலித்த பிறகு.