பேய் பார்க்கப் போன கதை

பேய், பிசாசு, காட்டேரி, முனி என்பவை யாவும் மனிதனுடைய பயமும் அறியாமையும் பெற்றெடுத்த பிள்ளைகளே என்று முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பேசியும் எழுதியும் வந்திருக்கிற நாம், சென்ற மாதம் ஓர் இரவு, தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று பணமும் கொடுத்து, மனைவி மக்கள் சகிதமாகப் பினாங்கு நகரத்தில் பேய் பார்க்கப் போனோம் என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாமும் சிரித்துக்கொண்டேதான் போனோம். திரும்பும்போதுதான் சிரிப்பு வரவில்லை.

நமது மகளுக்கு வயது 17, மகனுக்கு 15. இந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் ஓரிடத்துக்கு அழைத்துச் செல்வது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றவர்களே அறிவார்கள். பொதுக்கூட்டத்துக்கு அழைத்தால் தலைவலி என்பார்கள். கலியாணத்துக்கு அழைத்தால் பரீட்சை என்பார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் தாமாகவே வந்து, பினாங்கில் இரவு வேளையில் பேய் உலவும் இடங்களையெல்லாம் நடத்திக் காட்டுகிறார்களாம், எல்லோரும் போவோம் என்று கேட்டால் மறுக்க யாருக்கு மனம் வரும்? நாம் சற்றுத் தயங்கினோம். “பேய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவருக்குப் போவதில் என்ன பயம்?” என்றார் நமது மனைவியார். அதற்குமேல் வாதம் இல்லை. பட்டர்வொர்த்தில் பெரி ஏறினோம்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எதிரே திடலில் சுமார் இருபது பேர் கூடியிருந்தார்கள். வழிகாட்டி ஒரு சீன வாலிபர்; கையில் ஒரு விளக்கு. கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியதையும், இப்போதுள்ள கோட்டைச் சுவர்கள் 1804-இல் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உடனே, நள்ளிரவில் சுவர்மேல் நடமாடும் வெள்ளைச் சிப்பாய் ஒருவனிடம் போய்விட்டார். கட்டினவர்களுக்கு அரை வாக்கியம். காவல் நின்றவனுக்குக் கால் மணி நேரம்.

அங்கிருந்து லைட் தெருக் கன்னிமாடத்தின் நெடுஞ்சுவர் ஓரமாக நடந்தோம். 1852-இல் கன்னியர் மடத்தார் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடம் அது. ஜப்பானியர் அதைத் தம் வசப்படுத்தி, 1943-இல் கிரெனேடியர் என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளைப் பிடித்துவந்து அங்கே அடைத்து வதைத்தார்கள். அம்மாலுமிகள் தங்கள் பெயர்களைச் சுவரில் கீறி வைத்தார்கள். இது கட்டுக்கதையன்று, சரித்திரம். வழிகாட்டியோ அதை விட்டு, இருட்டில் கேட்கும் பூட்சு ஓசையைப் பற்றியே அதிகம் பேசினார். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டதற்குக் காற்று குளிர்கிறது என்றாள். பினாங்கில் எந்தக் காற்று குளிர்ந்தது?

பிறகு சீனர்களின் ஏழாம் மாத விழாவைப் பற்றிச் சொன்னார். அம்மாதத்தில் பசித்த ஆவிகள் உலகுக்கு வருவதாக அவர்கள் எண்ணி, தெருவோரத்தில் படையல் வைத்துக் கூத்தும் நடத்துகிறார்கள். கூத்துக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அவை வந்தவர்களுக்காம். மூடநம்பிக்கைதான். ஆயினும், நம்முடைய ஆட்கள் ஆவியை வேப்பிலை கொண்டு அடிப்பதைப் பார்க்க, நாற்காலி போட்டு உட்காரவைப்பது எவ்வளவோ மேல் என்று நமக்குப் பட்டது.

கடைசியாக, நார்தம் சாலை என்று முன்பு வழங்கிய வீதியிலுள்ள பழைய வெள்ளையர் கல்லறைத் தோட்டம். 1794-இல் மலேரியாக் காய்ச்சலில் மாண்ட லைட் துரை அங்கேதான் கிடக்கிறார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே பார்த்தோம். ஈழத்தலரி மரங்கள் வெண்பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பூ வாசம் வந்தால் பொந்தியானாக் வரும் என்பது மலாய்க்காரர் சொல்லும் கதை. அதை வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொல்லவே, கூட்டம் நெருங்கி நின்றது.

அப்போது நமது மகன் கேட்டான்: “அப்பா, வெள்ளைக்காரப் பேய் இருக்கிறது, ஜப்பான் பேய் இருக்கிறது, சீனப் பேய், மலாய்ப் பேய் எல்லாம் இருக்கின்றன. நம்முடைய பேய் ஒன்றுகூட இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்து, தமக்குத் தெரிந்து இல்லை என்றார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பேய்ப் பஞ்சம் இருந்ததேயில்லை. லயத்துக்குப் பின்னால் ஒன்று, ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒன்று, கள்ளுக்கடைத் திருப்பத்தில் ஒன்று. இருட்டினபின் ஆட்கள் லயத்தை விட்டு வெளியே போகாமலிருப்பது கங்காணிக்கு எவ்வளவு சௌகரியம் என்று எண்ணிப் பார்த்தால், அப்பேய்களை வளர்த்தவர் யார் என்பது ஒருவாறு விளங்கும். நிற்க. பையன் கேட்டது அதுவல்லவே. இந்த நகரத்தில் நம்மவரைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இல்லையா என்பதன்றோ கேள்வி?

இருக்கிறது. கூட்டம் கலைந்தபின் அந்தக் கதவோரத்திலேயே நின்று அவனுக்குச் சொன்னோம். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களை ஆங்கிலக் கம்பெனியார் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவனோடு சேர்ந்த சுமார் எழுபது பேரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தப் பினாங்குக்கே நாடு கடத்தினார்கள். பிடிபட்டபோது துரைசாமிக்கு வயது 15. தூத்துக்குடியில் அவர்களைக் காவல் காத்தவர்களில் ஒருவரான வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1818-இல் பினாங்கில் அவனை மறுபடியும் கண்டதாகத் தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். எதிரே வந்து நின்றது ஒரு தளர்ந்த கிழவன். பெயரைச் சொன்ன பிறகே ஆள் அடையாளம் தெரிந்ததாம். கணக்குப் பார்த்தால் அந்தக் ‘கிழவனுக்கு’ முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பதினைந்தா?” என்று மட்டும் கேட்டான்.

திரும்பும் பெரியில் கூட்டமில்லை. நாம் அதுவரை எவரிடத்திலும் சொல்லாத ஒன்றை அன்று பிள்ளைகளிடம் சொன்னோம். நமது பாட்டனாரைக் கெடாவிலுள்ள தோட்டத்திலிருந்து 1943-இல் ஜப்பானியர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அவ்வருஷம் அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட போர்க் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டவர்கள். நம்மவர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அதைப்போல் பன்மடங்கு. பாட்டனார் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

பாட்டியார் தாலியைக் கழற்றவில்லை. தினமும் இரவில் பின்வாசலில் ஒரு தட்டில் சோறு வைத்து, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடுவார். 1985-ஆம் வருஷம், நமக்குப் பதினைந்து வயது. புதிதாகப் பகுத்தறிவுப் புத்தகங்கள் படித்துத் தலைகனத்துத் திரிந்த காலம். ஒரு நாள், “பேய்க்கா சோறு வைக்கிறாய்?” என்று கேட்டு, அந்தத் தட்டை எடுத்து அவர் கண்ணெதிரே நாய்க்குக் கொட்டினோம். பாட்டியார் கோபிக்கவில்லை. “பேய்க்கு என்று யாரடா சொன்னது? உன் தாத்தா ராத்திரி வண்டியில் வந்தால் பசியோடல்லவா வருவார்?” என்றார். நாற்பத்திரண்டு வருஷமாக அவர் படைத்தது ஆவிக்கன்று, புருஷனுக்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாம் பகுத்தறிவு பேசினோம். மறுநாளும் தட்டு வைத்தார். நாம் பார்க்காத நேரத்தில் வைத்தார்.

“கொள்ளுத்தாத்தா பெயர் என்ன?” என்று மகள் கேட்டாள்.

நமக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லலாகாது என்ற வழக்கத்தினால் பாட்டியார் வாயால் அந்தப் பெயரை நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நமது தகப்பனாருக்கோ, அவரைப் பிரிந்தபோது வயது ஐந்து. அவரும் அவரைப் பற்றிப் பேசினதில்லை. எனினும் தகப்பனாருடைய பழைய அடையாளக் கார்டில், அவர் பெயருக்குப் பின்னால், இன்னாரின் மகன் என்று இருக்கவேண்டும்.

வீடு சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒருவரும் படுக்கப் போகவில்லை. மனைவியார் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். கார்டு அடியில் கிடந்தது. எவரோ ஒரு குமாஸ்தா, தமிழ் அறியாதவர், காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார். முதலெழுத்து குறிலா நெடிலா, நடுவில் ஒற்றா இரட்டையா என்பது அதிலிருந்து விளங்கவில்லை. மகன் ஒரு விதமாகப் படித்தான். மகள் வேறு விதமாகப் படித்தாள். இரண்டும் தமிழில் உள்ள பெயர்களே. “இரண்டையும் எழுதி வையுங்கள்” என்றார் மனைவியார்.