முதலமைச்சர் வீடு இவ்ளோதானா?

விருதுநகர்னு சொன்னதும் நம்ம பசங்களுக்கு எது ஞாபகம் வரும்? எண்ணெய்ப் பரோட்டா! சாப்பிடுங்க பாஸ், யார் வேணாம்னது? அதுக்கு முன்னாடி பஜார் பக்கம் இறங்கி, 'காமராஜர் வீடு எங்கண்ணே?'ன்னு யாரையாவது கேளுங்க. வழி கேட்டதுக்கு ரெண்டு கதை சேர்த்தே சொல்வாங்க.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். பருப்பு, வத்தல், எண்ணெய் மொத்த வியாபாரம் நடக்கிற ஊர். அந்த சந்தடியை விட்டுக் குறுகலான தெருவுக்குள் நுழைஞ்சா, தமிழக அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிற அந்த வீடு. பார்த்ததும் 'இவ்ளோதானா?'ன்னு தோணும். தோணட்டும். 1954-லிருந்து 1963 வரை முதலமைச்சராக இருந்தவரோட வீடு இது. அவர் கோட்டையில் இருந்தப்போ, அம்மா சிவகாமி அம்மாள் இங்கேதான் இருந்தாங்க. சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கலை. வீட்டுக்கு முனிசிபாலிட்டி தனியா தண்ணிக் குழாய் போட்டுக் கொடுக்க, மகன் அதை எடுக்கச் சொல்லிட்டார்ங்கிறது ஊரே சொல்ற கதை. 'சூப்பர் தலைவர்!'னு நமக்குக் கை தட்டத் தோணுது. குடம் தூக்கின அம்மாவுக்கு என்ன தோணியிருக்கும்? அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

சுவரில் நிறைய போட்டோக்கள். அவசரப்படாம பாருங்க. 1903-ல பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா இறந்துட்டார். ஷத்திரிய வித்யாசாலாவில் ஆறாம் கிளாஸோட படிப்பு கட். அப்புறம் மாமாவோட துணிக்கடை. அரியர் வச்சுட்டு நாம புலம்புறோமே, இவருக்கு எக்ஸாம் எழுதவே சான்ஸ் கிடைக்கலை! அந்த ஆள்தான் பின்னாடி ஊர் ஊராப் பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவும் போட்டார். நான் படிக்கிற இன்ஜினீயரிங் கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரிங்க. அவங்க தாத்தா, பாட்டி எந்த வருஷம் ஸ்கூலுக்குப் போனாங்கன்னு கேட்டுப் பாருங்க, கதை இந்தத் தெருவுக்கே வந்து நிக்கும்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர்ல ஜெயிச்சவர், 1967-ல சொந்த ஊரான விருதுநகர்லயே நின்னார். தோத்துட்டார்! வித்தியாசம் 1,285 ஓட்டு. ஜெயிச்சது யார் தெரியுமா? பெ.சீனிவாசன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல முன்னால நின்ற மாணவர் தலைவர்.

எங்க ஹாஸ்டல்ல இதை வச்சே ஒரு ராத்திரி சண்டை ஓடுச்சு. 'நன்றி கெட்ட ஊருடா'ன்னு ஒருத்தன். 'ஓட்டு என்ன மொய்ப்பணமா, திருப்பி வைக்கிறதுக்கு?'ன்னு இன்னொருத்தன். நான் ரெண்டாவது கட்சி. அரிசித் தட்டுப்பாடு, மாணவர்கள் மேல துப்பாக்கிச் சூடு... அப்போ காமராஜர் முதலமைச்சர் இல்லைதான். ஆனா ஆண்ட காங்கிரஸுக்கு அகில இந்தியத் தலைவரே அவர்தான். கோபப்பட்டவங்க வேற யாருக்கு எதிராக் குத்துவாங்க? அவர் திறந்த ஸ்கூல்ல படிச்ச பசங்களும் அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாங்க. இருந்தாலும் அந்த வீட்டு வாசல்ல நிக்கும்போது, '1,285 பேர்தானா?'ன்னு மனசு கணக்கு போடுது. என்ன பண்றது!

1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை எம்.பி.யாக்கி டெல்லிக்கு அனுப்புச்சு. 1975 அக்டோபர் 2-ம் தேதி சென்னையில் இறந்தார். அங்கே தி.நகர் திருமலைப்பிள்ளை ரோட்டில் அவர் இருந்த வீடும் இப்போ நினைவு இல்லம்தான். சென்னைப் பசங்க அதைப் பார்த்துட்டு, விருதுநகருக்கும் ஒரு நடை வாங்க. ஜூலை 15, அவர் பிறந்த நாள், கூட்டம் அள்ளும். நிதானமா போட்டோ பார்க்கணும்னா வேற நாள் வாங்க. அந்தத் தெருவுல வீட்டு வாசல்ல உக்காந்திருக்கிற வயசானவங்க யார்கிட்டயாவது '67 எலக்‌ஷன் பத்திக் கேளுங்க.