ஐந்து நிபந்தனைகள்

டீசல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 தடவை சுற்றும். வண்டி நிற்பதற்கு அது போதும், வேலை செய்வதற்குப் போதாது. அந்த வேகத்தில் ஆல்டனேற்றர் தரும் மின்சாரம் குறைவு. பின்னால் சாமான் ஏற்றி இறக்கும் லிஃப்ட், இரவு வேலைக்கான விளக்குகள், இன்வேட்டரில் ஓடும் துளைகருவி எல்லாம் சேர்ந்து அதைவிடக் கூடுதலாக இழுக்கும். குறைகிறதைப் பற்றறி கொடுத்துக் கொடுத்துக் களைத்துவிடும். கனடாக் குளிரில் இன்னும் சீக்கிரமாகக் களைக்கும். போதாததற்கு, இந்தக் குளிரில் சும்மா ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. அரைகுறையாக எரிந்த எரிபொருள் உள்ளே கரியாகப் படியும்.

அதனால் வேலை வண்டிக்காரர்கள் நிற்கிற இடத்தில் எஞ்சினை 1200 சுற்றுக்குச் சற்று மேலே ஓட வைப்பார்கள். சிலர் அக்சிலேற்றருக்குத் தடி முண்டு கொடுப்பதும் உண்டு. முறையான வழி ஒரு சுவிச்.

ஸ்காபரோவில் திருத்த வேலைகள் எடுத்துச் செய்யும் என் அத்தானிடம் 2006 ஆம் ஆண்டு போர்ட் எஃப்-350 ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தச் சுவிச்சைப் போட்டுத் தரும்படி என்னிடம்தான் கேட்டார். "நீர் கொம்பியூட்டர் படிச்ச ஆள்தானே தம்பி, உந்த நாலு வயரைக் கொழுவிவிடும்" என்றார். வங்கிகளுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்கிறவனுக்கும் ட்ரக் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று அவர் யோசிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டு முதுமாணிப் பட்டம் என்பது எதையும் திருத்தத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி.

வேலை நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இருக்கவில்லை. இப்படியான தேவைக்கென்றே தயாரிப்பாளர்கள் சில வயர்களை டாஷுக்குக் கீழே மூடிக்கட்டி விட்டிருக்கிறார்கள். ஒன்று கேட்கும் வயர். அதற்குச் சுவிச் மூலம் 12 வோல்ட் கொடுத்தால், 'வேகத்தைக் கூட்டு' என்று எஞ்சினின் கணினியிடம் கேட்டதாக அர்த்தம். எவ்வளவு கூட்டுவது என்பதை வேறு இரண்டு வயர்களுக்கு நடுவே வைக்கும் ஒரு தடையி தீர்மானிக்கும். ஏ.எல். பௌதிகத்தில் படித்த அதே தடையிதான், விலை சில சதங்கள். பியூஸ் போட்டு, பற்றாசு வைத்து, உப்புத் தண்ணீர் போகாதபடி மூடினால் முடிந்தது.

ஆனால் கேட்டவுடனே கணினி கொடுத்துவிடாது. முதலில் ஐந்து விசயங்களைப் பார்க்கும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்க வேண்டும். கியர் பார்க்கில் இருக்க வேண்டும். கால் பிரேக்கில் இருக்கக்கூடாது. அக்சிலேற்றரிலும் இருக்கக்கூடாது. வண்டி அசையக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது இதில் ஒன்று தவறினாலும் எஞ்சின் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். தவறு நீங்கிய பிறகும் தானாக ஏறாது. ஒருவர் சுவிச்சை நிறுத்தி மறுபடி போட வேண்டும். அந்தக் கடைசி விதியை எழுதிய எஞ்சினியரை எனக்குப் பிடித்துப்போனது.

அத்தானுக்குப் பிடிக்கவில்லை. அவர் பார்க்கிங் பிரேக்கைத் தொடுவதே இல்லை. பனிக்காலத்தில் அதன் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்துவிடும், போட்ட பிரேக் விடுபடாது என்ற பயம். இங்கே பலருக்கும் உள்ள நியாயமான பயம்தான். பிரேக்கைப் போட்டால் ஒரு சுவிச் தன் வயரை வண்டியின் இரும்போடு சேர்க்கும். டாஷில் சிவப்பு விளக்கு எரியும், கணினியும் அறிந்துகொள்ளும். இதை நான் அவருக்கு விளக்கியதுதான் தாமதம், வழி கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த வயரைப் பிடிச்சு இரும்போட ஒரேயடியாக் கட்டிவிடும். சிவப்பு லைற் எரிஞ்சால் எரியட்டும்."

நான் தயங்குவதைப் பார்த்து, "நாங்கள் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள்" என்றார்.

உண்மைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடப் பெடியன். சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் வண்டிகள் புகை கக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. குறுக்குவழி எங்களுக்கு வெட்கமான சொல் இல்லை. அதனால் பிழைத்தவர்கள் நாங்கள். அத்தானின் கைத்திறனும் அங்கே கற்றதுதான்.

ஆனால் அங்கே நாங்கள் சுற்றிக்கொண்டு போனது இல்லாமையை. இந்த வயரில் சுற்றிக்கொண்டு போகப்பார்ப்பது எதை என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன்.

பார்க் கியரில் வண்டியைப் பிடித்திருப்பது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய இரும்புப் பல். நெம்பு சரியாக விழாமல் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நின்றால் பார்வைக்கு எல்லாம் சரிபோல இருக்கும். பிறகு ஒரு அதிர்வில் ரிவர்ஸில் விழலாம். வாகன உலகத்துக்கு இது புதிய கதை அல்ல. 1966 முதல் 1980 வரையான போர்ட் வாகனங்கள் பற்றி இதே முறைப்பாடு அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 1980இல் முடிந்த உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 230 இலட்சம் வாகனங்களின் சொந்தக்காரர்களுக்கு டாஷில் ஒட்ட ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பினார்கள். ஸ்டிக்கர் மனிதனின் ஞாபகத்தை நம்புகிறது. குளிரில், அவசரத்தில், பன்னிரண்டு மணித்தியால வேலையின் முடிவில் அந்த ஞாபகம் எவ்வளவு மிஞ்சும்? கணினி கேட்கும் ஐந்து கேள்விகள் களைப்பதில்லை.

அத்தானின் வண்டிக்குப் பின்னால், லிஃப்டில் சாமான் ஏற்றிக்கொண்டு நிற்பவன் ஊரிலிருந்து வந்து எட்டு மாதமான ஒரு பெடியன். சும்மா ஓடும் எஞ்சின் ரிவர்ஸில் விழுந்தால் வண்டி ஊரும், விலக நேரம் இருக்கும். 1200 சுற்றில் விழுந்தால் பாயும். என் தொழிலில் ஒரு சோதனையைத் தாண்டிப்போனால் கணக்குப் பிழைக்கும், மறுநாள் திருத்தலாம். இங்கே திருத்துவதற்கு மறுநாள் கிடையாது.

"அத்தான், மிச்சம் எல்லாம் செய்து தாறன். அந்த வயரைக் கட்டமாட்டன். பிரேக்கைத் திருத்துவம்" என்றேன்.

அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். புதுக் கேபிள், உள்ளே புதிய ஷூ. பிரேக்கைப் பாவிக்காமலே விட்டால்தான் கேபிள் துருப்பிடித்து இறுகும், அடிக்கடி போட்டு எடுத்தால் நல்லது என்று மெக்கானிக் சொன்னார். பில்லைப் பார்த்து அத்தான் என்னைப் பார்த்த பார்வையை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது சுவிச்சைப் போடுவது அந்தப் பெடியனின் வேலை. பிரேக்கில் கால் பட்டதும் எஞ்சின் ஏன் அடங்கிப்போகிறது என்று ஒருநாள் அவன் கேட்டான். நான் விளக்க வாயெடுக்க முன் அத்தான் முந்திக்கொண்டார்.

"நீ பின்னால நிக்கிறது அதுக்குத் தெரியாதடா. அதுதான் ஒவ்வொரு முறையும் எங்களைக் கேக்குது."