தேய்ந்த முகங்கள்

கும்பாபிஷேகத்துக்கு முன் வரும் எண்ணெய்க்காப்பு நாளில்தான் யாழ்ப்பாணத்துச் சனம் மூலவரைத் தொடுகிறது. மற்ற நாளெல்லாம் ஐயர் மட்டும் புகும் கருவறைக்குள் அன்றைக்கு எல்லாரும் வரிசையாகப் போய்த் தங்கள் கையாலேயே நல்லெண்ணெய் சாத்தலாம். கொழும்புத்துறைப் பக்கத்துக் கோயிலொன்றில், பேரனைத் தோய வார்க்க ஆயத்தமாக்குகிறவள் போல ஓர் ஆச்சி பிள்ளையாரின் வயிற்றிலும் காதுமடலிலும் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து நின்றார். பின்னால் வரிசை நெருக்கியும் அவர் நகரவில்லை.

இப்படிச் சிலையைப் பிள்ளை போலத் தொட்டுப் பேணுவது வேறு நாட்டிலும் உண்டு. நைஜீரியாவின் யொருபா மக்களிடையே இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது மிக அதிகம். இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால், குறி பார்ப்பவரின் சொற்படி சிற்பியைக் கொண்டு மரத்தில் சிறு உருவம் செதுக்குவிப்பது அவர்கள் வழக்கம். அதன் பெயர் இபெஜி. இறந்தது குழந்தை, செதுக்குவதோ வளர்ந்த ஆளின் உருவம். தாய் அதைக் குளிப்பாட்டுவாள், உணவு படைப்பாள், உடுத்திவிடுவாள், செந்நிற மரத்தூள் பூசுவாள். ஆண்டுகள் போகப் போகக் கண்ணும் மூக்கும் மழுங்கி முகம் வழவழவென்று ஆகிவிடும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் இபெஜியில் சிற்பியின் உளியை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தாயின் விரல்கள் தெரிவதில்லை.

ஜப்பானியச் சிற்பம் இதற்கு நேர்மாறு என்பார்கள்: நுணுக்கமான வேலை, உயிருள்ளவை போல் மின்னும் பளிங்குக் கண்கள், தொட முடியாத தூரம். பாதிதான் உண்மை. நகானோ நகரின் சென்கோஜி ஆலயத்தில் மூல விக்கிரகம் முற்றாக மறைக்கப்பட்டது. அதன் பிரதியைக்கூட ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் காட்டுவார்கள். அதே ஆலயத்தில் புத்தரின் சீடரான பின்சுருவின் மரச்சிலையும் இருக்கிறது. நோயுள்ளவர்கள் தமக்கு நோகும் இடத்தைச் சிலையிலும் தடவித் தடவி அதன் முகமே தேய்ந்துபோயிற்று. மறைப்பும் தொடுகையும் ஒரே கூரையின் கீழ்.

நமக்கு இது புதிதா? கதிர்காமத்தில் யானைமேல் போவது யாரும் காணாத பேழை. நல்லூரில் மூலவர் வேல். கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகளின் (1872–1964) ஆச்சிரமத்தில் திருவடி வழிபாடே முதன்மை. அடுத்த ஊரான பாசையூரில் அந்தோனியாரின் சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சிலைகளை வடிவத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது பாதி வேலை. சனம் அவற்றை எப்படி வைத்துக் கொண்டாடுகிறது என்பதுதான் மற்றப் பாதி. எனக்கு அதுவே பெரிய பாதி.

அதனால் கோயில் பரிபாலன சபையாருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் காசு வந்ததும் பழைய மர வாகனங்களை மூலையில் ஒதுக்கிவிட்டுப் புதிதுக்கு ஓடர் கொடுக்காதீர்கள். காவிக் காவித் தேய்ந்த இடத்தை இனாமல் பெயின்ற் அடித்து மூடாதீர்கள். அந்தத் தேய்வு பழுதல்ல. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்ச் சனம் தோள்கொடுத்த அடையாளம் அது.