நீல நோட்டு

புது மண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய நீல அட்டை நோட்டு அது. ஓய்வு பெற்ற பிறகு அதில்தான் பாஸ்வேர்டுகளை எழுதி வந்தேன். பேங்க், மின்வாரியம், கேஸ், ரயில் டிக்கெட், வருமான வரி. மாற்றும்போதெல்லாம் பழசை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுசு. இடமில்லாவிட்டால் ஓரத்தில். திருடன் கையில் சிக்கினாலும் புரியக்கூடாதென்று சங்கேதம் வேறு. 'பெரியவள் + கல்யாணம்' என்றால் மூத்த மகள் பெயரும் எங்கள் திருமண வருஷமும்.

போன தை மாசம் நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டம்மா நோட்டைப் பிரித்து வைத்து, அவள் கல்யாணமா நம் கல்யாணமா என்று குழம்பி, மூன்று தடவை தப்பாகப் போட்டுக் கணக்கே பூட்டிக்கொண்டது. கொழுந்தன் வந்து கட்டினார். எங்கள் பணம் கணக்கில்தான் இருந்தது. திருடனுக்கு வைத்த பூட்டு அவளுக்கு வாய்த்தது.

மகன்தான் பாஸ்வேர்ட் மேனேஜர் என்றான். "எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சா, பெட்டியையே தூக்கிட்டுப் போயிட்டா என்னடா செய்ய?" என்றேன். அவன் மறைக்கவில்லை. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் அப்படித்தான் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் திருடு போயினவாம். உள்ளே பாஸ்வேர்டுகள் சங்கேதமாக்கப்பட்டிருந்தன. தலைமைச் சாவி பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து.

நான் எடுத்துக்கொண்டது ஜோஹோ வால்ட். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி என்ற பாசம்தான் காரணம், மகன் சிரித்தான். கணக்குக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்ட், பெட்டகத்தைத் திறக்க இன்னொன்று. இரண்டாவதை அந்தக் கம்பெனியே வைத்துக்கொள்வதில்லை. மறந்தால் கேட்டு வாங்க முடியாது, உள்ளே உள்ளதெல்லாம் போச்சு. ஜிகர்தண்டா, மல்லிகைப்பூ என்று மதுரைக்காரனிடம் எவனும் ஊகிக்கக்கூடிய வார்த்தை வேண்டாம் என்றான். சம்பந்தமில்லாத ஐந்து வார்த்தைகளைக் கோத்து வைத்தேன்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஏற்றினேன். அப்போதுதான் ஏழு இடத்தில் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தது தெரிந்து வெட்கமாகப் போயிற்று. இப்போது அதுவே நீளமாக ஒன்று உருவாக்கித் தருகிறது, நான் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏடிஎம் பின்னை மட்டும் இதில் போடவில்லை; அது தலையிலேயே இருக்கட்டும். ஓடிபி என்னவோ பழையபடி என் செல்லுக்குத்தான் வரும். ஆகவே செல்லைத் திறக்கும் எண்ணையும் வீட்டம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதை முப்பது வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்கிறீர்களா? அப்போது செல் ஏது!

இரண்டு சாவிகளையும் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன்.

"கடைசியில மறுபடியும் பேப்பர்தானா?" என்றாள்.

"ஒரே பேப்பர். அடித்தல் திருத்தல் கிடையாது."

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மாத கரண்ட் பில். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போகலாமா என்று நாலு தடவை நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து என் செல்லை நீட்டினாள். பணம் கட்டியாகிவிட்டது.

நீல நோட்டை எரித்துவிடலாம் என்றேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எழுதின தாள்களை மட்டும் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "மிச்சத்துல பால் கணக்கு எழுதிக்கிறேன்" என்றாள்.