கிறீச்சிடும் பலகைத் தரை

உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களில் ஆங்கிலேயர் காலத்து இல்லங்கள் சில இன்றும் பலகைத் தரையுடன் விளங்குகின்றன. மலைக்குளிரில் வெறுங்காலுக்கு இதம் தருவது மரமே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அடியெடுத்து வைக்குந்தோறும் அத்தரை கிறீச்சிடத் தொடங்கும். "மரம் உளுத்துவிட்டது, பெயர்த்தெறிந்து சிமெண்டுத் தளம் போடுங்கள்" என அக்கம்பக்கத்தார் கூறுவர். குடும்பங்களைச் சந்திக்கச் செல்லுமிடங்களில் இவ்வறிவுரையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அதனை நம்பிக் கடன்பட எண்ணுவோர்க்காகவே இதனை எழுதுகிறோம்.

அவ்வோசை பெரும்பாலும் உளுத்த மரத்தின் ஓசையன்று. ஆடும் மரத்தின் ஓசை. மழைக்காலத்தில் பலகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். தை, மாசியின் வறண்ட காற்றில் சுருங்கும். இவ்வாறு பல்லாண்டு நிகழ, ஆணியின் பிடி தளரும். பின்னர்க் கால்பட்டதும் பலகை தாழ்ந்தெழுந்து ஆணியோடும் அடுத்த பலகையோடும் உராயும். ஜப்பானின் கியோத்தோ நகரில் 1603-ஆம் ஆண்டைச் சேர்ந்த நிஜோ கோட்டையின் நடைகூடங்கள் நடப்போர் காலடியில் பறவைபோல் ஒலிப்பதைப் பயணிகள் வியந்து கேட்கின்றனர். அங்கும் பலகைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடிகளும் ஆணிகளும் உராய்வதே காரணம்.

நமக்குத் தெரிந்த இல்லம் ஒன்றில் முதிய தாய் ஒருவர் மாலைக்குப்பின் தண்ணீர் அருந்துவதையே விட்டிருந்தார். காரணம் வினவினோம். "ராத்திரியிலே எழுந்து நடந்தால் தரை சத்தம் போடுது சாமி. பேரப்பிள்ளைகள் முழிச்சிக்கும்" என்றார். கழிப்பிடம் செல்ல வேண்டியிருந்தும் விடியுமட்டும் அடக்கிக்கொண்டு படுத்திருப்பாராம். மகனோ இதனை அறியார். தரையைப் பெயர்க்கப் பணம் திரட்டுவதிலேயே கவலையுற்றிருந்தார்.

முதிய தச்சர் ஒருவரை அழைத்தோம். மகன் மேலே நடக்க, தச்சர் விளக்குடன் தரைக்கடியில் ஊர்ந்து சென்று, ஓசை எழுந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். பழுது ஏழே இடங்களில்! பலகைக்கும் அதனைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், பசை தடவிய மெல்லிய ஆப்புகளை மெதுவாகச் செருகினார். ஓங்கி அடித்தால் பலகை மேலெழும்பிப் புதிய ஓசை பிறக்கும் என்றார். அரைநாளில் வேலை முடிந்தது. அன்றிரவே அத்தாய் அச்சமின்றி எழுந்து நடந்தார்.

அடியில் செல்ல வழியில்லையெனில், மேலிருந்தே திருகாணியால் பலகையைச் சட்டத்தோடு இறுக்கலாம். மின்கம்பியோ குழாயோ அங்கு ஓடவில்லையென முதலில் உறுதி செய்க. திருகாணியினும் சிறிய துளையொன்றை முன்னரே இடுக. இன்றேல் முதிர்ந்த மரம் பிளந்துவிடும். அதன் தலையை மரத்துள் அமிழ்த்தி, மரத்தூளைப் பசையில் குழைத்து மேலே அப்புக. இரு பலகைகள் ஒன்றோடொன்று உரசினால், இடுக்கில் முகப்பவுடரைத் தூவித் துணியால் தேய்த்தாலே சில காலம் அடங்கும். எண்ணெய் ஊற்றற்க, அது அழுக்கைச் சேர்த்துக் கறைபடுத்தும். வறண்ட மாதங்களில் தோன்றும் இடுக்குகளைக் கெட்டியாக அடைப்பதும் தகாது. மழையில் பருக்கும் பலகைக்கு அவ்விடம் தேவை.

எனினும் ஓர் எச்சரிக்கை. சட்டத்தில் கத்திமுனை எளிதில் இறங்கினாலோ, கறையானின் மண்புற்று தென்பட்டாலோ, ஆப்பும் திருகாணியும் பயன்தாரா. அச்சட்டத்தையே மாற்றல் வேண்டும். தரைக்கடியில் காற்றுப்புக விட்ட துவாரங்களை அடைத்துவைப்பதே பல இல்லங்களில் ஈரத்துக்கும் உளுப்புக்கும் காரணமாகிறது. அவற்றை இன்றே திறந்துவிடுக.

அன்பு நிறைந்த இல்லத்தாரே, தச்சரை அழைக்குமுன் உங்கள் வீட்டு முதியோரை அருகழைத்து, இவ்வோசையால் அவர்க்கு என்ன இடர் எனக் கேளுங்கள். கேளாமல் அவர் சொல்லமாட்டார். எங்கிருந்து தொடங்குவதெனத் தச்சர் வினவினால், அவர்தம் கட்டிலிலிருந்து கழிப்பிடம் வரையுள்ள பலகைகளைக் காட்டுங்கள்.