ஐடிலில் ஆடிய கார்

ரயில்வே சிக்னல் பிரிவில் ஒரு பழைய நடைமுறை உண்டு. பாயிண்ட், சிக்னல், டிராக் சர்க்யூட் என்று எதில் கை வைப்பதானாலும் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்க வேண்டும். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்த பிறகு ரீகனெக்‌ஷன் மெமோ. நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த ஒன்று இன்று தகராறு செய்தால், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா யார் எங்க கை வச்சது?" என்பதாகத்தான் இருக்கும். யாரையும் மாட்டிவிடுவதற்கான கேள்வி இல்லை அது. எங்கே தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கான கேள்வி.

34 வருடம் அந்தப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். போன ஐப்பசியில் எங்கள் காருக்கு வந்த கோளாறையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பிடித்தோம். சென்சார் மாற்றிய பிறகு ஐடில் ஆடுகிறது என்று அவதிப்படும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கார், பத்து வருடம் தாண்டிய ஒரு பெட்ரோல் ஹாட்ச்பேக். முடிச்சூர் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து குரோம்பேட்டைக்கு வாரம் இரண்டு நாள் அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அக்காவுக்கு 74 வயது. போகும்போது பேசிக்கொண்டே வருவாள். திரும்பும்போது கையில் கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பாள். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி நின்றுவிடக் கூடாது. எனக்கு இந்தக் காரிடம் இருந்த ஒரே எதிர்பார்ப்பு அதுதான்.

முதலில் வந்தது வேறு கோளாறு. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தது. இழுவை குறைந்தது, பெட்ரோல் அதிகம் குடித்தது. வழக்கமாக விடும் ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் பி0107 என்று கோடு வந்தது. மேப் சென்சாரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் மிகக் குறைவு என்று அதற்கு அர்த்தம். வயரிங்கைச் சோதித்துவிட்டு சென்சாரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது, இழுவை திரும்பியது. அதுவரை எல்லாம் சரி.

மறுநாளே புதுத் தொல்லை தொடங்கியது. நின்ற இடத்தில் 800 ஆர்.பி.எம்.மில் அமைதியாக ஓட வேண்டிய என்ஜின், 1,600 வரை ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். மூச்சு வாங்கும் ஆள் மாதிரி. ஏ.சி. போட்டிருந்தால் விழும் வேகத்தில் அப்படியே அணைந்துவிடும். சானடோரியம் சிக்னலில் ஒரே பயணத்தில் இரண்டு முறை அணைந்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அவன் அடித்த ஹாரனில் அக்கா திடுக்கிட்டு எழுந்து, "ஆட்டோல போயிடலாம்டா" என்றாள். டயாலிசிஸ் முடிந்த உடம்பை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு கூட்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

கார்புரேட்டர் காலமாக இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். 2000க்குப் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொன்றாக இறுக இறுக, புதுக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது, தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓ.பி.டி. வசதியும் கட்டாயமாகத் தொடங்கியது. இப்போது ஐடிலைப் பார்த்துக்கொள்வது ஈ.சி.யு. என்கிற சின்னக் கம்ப்யூட்டர். திருகுவதற்கு நமக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் காற்றின் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எங்கள் வண்டி போன்றவற்றில் காற்றை நேரடியாக எடை போடுவதில்லை. த்ராட்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும். அதிலிருந்து ஈ.சி.யு. கணக்குப் போட்டுக்கொள்ளும். வெளியே காற்றழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அது 30, 35 அளவில்தான் இருக்கும். அதாவது உள்ளே பலமான உறிஞ்சல். எங்கே ஓட்டை கிடைத்தாலும் காற்று உள்ளே பாயும்.

மறுபடி ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனரில் இந்த முறை பி0507. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஐடில் கன்ட்ரோல் போயிடுச்சு சார். த்ராட்டில் பாடியை மொத்தமா மாத்திடலாம். லேபரோட 16,500 ஆகும்" என்றார். பிறகு, சென்சாரை மாட்டிய பையனைத் திரும்பிப் பார்த்து, "இவன் கை வச்சாலே இப்படித்தான். இந்த மாசம் ரெண்டாயிரம் பிடிக்கிறேன், அப்பத்தான் புத்தி வரும்" என்றார். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கையில் இருந்த துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு நின்றான். பதில் சொல்லவில்லை.

பி0507 சொல்வது இவ்வளவுதான்: ஐடில் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அது எனக்கே காதில் கேட்கிறதே! எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. சிக்னல் பிரிவில் இதை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். டிராக்கில் வண்டி நிற்கிறது என்று பேனலில் காட்டும். போய்ப் பார்த்தால் வண்டி இருக்காது, தண்டவாள இணைப்பில் இன்சுலேஷன் நைந்திருக்கும். பேனல் பொய் சொல்வதில்லை. தனக்கு வந்ததைச் சொல்கிறது. அதற்காகப் பேனலை மாற்றுவார்களா?

முதலாளியிடம், "ஒரு நாள் டைம் கொடுங்க. காலையில என்ஜின் ஆறியிருக்கிறப்போ இந்தத் தம்பி என்கூட இருக்கட்டும். அதுக்கப்புறமும் கண்டுபிடிக்க முடியலைன்னா மாத்துங்க" என்றேன். நீண்ட நாள் வாடிக்கை என்பதால் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரை மணி. சாலையில் பஸ் சத்தம் தொடங்கும் முன்பே போய்விட்டேன். "தம்பி, அன்னைக்கு சென்சார் மாத்தினப்போ எதையெல்லாம் தொட்டே? பயப்படாம வரிசையாச் சொல்லு" என்றேன். பையன் யோசித்து யோசித்துச் சொன்னான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினான். ஏர் ஃபில்டர் பெட்டியை நகர்த்தினான். சென்சார் மேனிஃபோல்டுக்குப் பின்பக்கம் இருந்ததால், கை நுழைய இரண்டு ரப்பர் ஹோஸ்களை ஒதுக்கிப் பிடித்தான். சாக்கெட்டைக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்து, சென்சாரை உருவினான். "அவ்வளவுதான் சார்."

இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்த்தோம். சாக்கெட் 'டிக்' என்று பூட்டியிருந்தது. பின்களில் பச்சை பூக்கவில்லை. எங்கள் பக்கத்து வண்டிகளில் இதைப் பார்ப்பது முக்கியம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளில் கார்கள் மூழ்கின. நனைந்த சாக்கெட் வருடங்கள் கழித்தும் தொந்தரவு கொடுக்கும். சென்சாரை உருவிப் பார்த்தோம். அதன் ஓ-ரிங் முறுக்காமல், அறுபடாமல் இருந்தது. பழைய ரிங் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் கிளாம்ப் எல்லாம் ஒழுங்கு.

பேட்டரியைக் கழற்றினால் ஈ.சி.யு. தான் கற்று வைத்திருந்த ஐடில் அளவை மறந்துவிடும். அதனாலும் சில வண்டிகள் ஒன்றிரண்டு நாள் ஆடும். ஆனால் அந்த ஆட்டம் ஓட்ட ஓட்டக் குறைய வேண்டும். எங்களுடையது நாளுக்கு நாள் மோசமானது. மீதி இருந்தது, ஒதுக்கிப் பிடித்த அந்த இரண்டு ஹோஸ்கள்.

என்ஜினை ஓடவிட்டு, மூக்குப் பிளையரின் வாயில் துணியைச் சுற்றி, ஹோஸை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மெதுவாக நசுக்கச் சொன்னேன். முதல் ஹோஸில் மாற்றம் இல்லை. இரண்டாவதை நசுக்கினான். ஏறி இறங்கிக்கொண்டிருந்த முள் 800க்கு வந்து ஆணி அடித்த மாதிரி நின்றது. விட்டான், ஆடியது. நசுக்கினான், நின்றது. மூன்று முறை செய்து பார்த்தோம். பையன் குனிந்து காதை வைத்து, "சார், உஸ்ஸுன்னு கேக்குது சார்!" என்றான். ஹோஸைக் கழற்றித் திருப்பினால், வளைவின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

நடந்தது இதுதான். வெடிப்பு வழியாக த்ராட்டிலைத் தாண்டிக் காற்று நுழைந்தது. மேனிஃபோல்டில் அழுத்தம் கூடியது. புது சென்சார் அதை ஒழுங்காகச் சொன்னது. ஈ.சி.யு. அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்தது, வேகம் ஏறியது. காலோ ஆக்ஸிலரேட்டரில் இல்லை. காலை எடுத்துவிட்டு வண்டி உருண்டுகொண்டிருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யு. பெட்ரோலை வெட்டியது, வேகம் விழுந்தது. மறுபடி கொடுத்தது, ஏறியது. விழும் நேரத்தில் ஏ.சி. கம்ப்ரஸரும் சேர்ந்துகொண்டால் என்ஜின் அணைந்தது. த்ராட்டில் பாடி 16,500க்குப் புதிதாக வந்திருந்தாலும் இந்த ஆட்டம் நின்றிருக்காது.

ஹோஸ் விலை 220 ரூபாய். பத்து வருடம் என்ஜின் சூட்டில் வெந்து, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கையில் வைத்து இலேசாக வளைத்தேன். வெடிப்பு இல்லாத இடமும் கீறியது. ஒன்பது மணிக்கு முதலாளி வந்ததும் அதை அவரிடம் கொடுத்தேன். "தம்பி ஒதுக்கினதுல விரிஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா நீங்களே ஒரு தடவை வளைச்சுப் பாருங்க" என்றேன். வளைத்தார். அவர் கையிலும் கீறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையனிடம், "இன்னொரு ஹோஸும் இதே வயசுதான்டா. அதையும் மாத்திடு" என்றார். பிடிக்கப் போவதாகச் சொன்ன இரண்டாயிரம் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எண்ணெய் மாற்றப் போனபோது பையனிடம் மெல்ல விசாரித்தேன். முழுச் சம்பளமும் கிடைத்ததாம்.

உங்கள் வண்டிக்கு இப்படி வந்தால், வேலை செய்தவரைத் திட்டாமல், எதையெல்லாம் தொட்டார் என்று கேளுங்கள். திட்டினால் தொட்டதை மறைப்பார். மறைத்தால் கோளாறு கிடைக்காது. சாக்கெட், ஓ-ரிங், ஹோஸ், கிளாம்ப் என்று செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். பிறகு, மாற்றிய சென்சார் உங்கள் மாடலுக்கு உரிய பார்ட் நம்பர்தானா என்று பாருங்கள். த்ராட்டிலில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்து, ஐடிலைப் புதிதாகக் கற்பிக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த பாகம் கடைசி. சூடான என்ஜின் மேல் க்ளீனர் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. பிளையரும் காதும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரேக் பூஸ்டருக்கும் இதே மேனிஃபோல்டிலிருந்துதான் ஒரு ஹோஸ் போகிறது. ஐடில் ஆடுவதோடு பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகினால் வண்டியை எடுக்காதீர்கள்.

எங்கள் வண்டி இப்போது சானடோரியம் சிக்னலில் சத்தமில்லாமல் நிற்கிறது. "வண்டி ஓடுதா, ஆஃப் ஆயிடுச்சா?" என்று அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள். ஓடுது என்கிறேன். தூங்கிவிடுகிறாள்.